ஆற்றின் தலைப்பக்கம் போன அணி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு காலி பால் கேன் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் ஒரு காலன் பாலை அடைத்து விற்கும் பிளாஸ்டிக் கேன். அதன் வயிற்றில் ஒரு சதுர ஓட்டை வெட்டியிருக்கும். கைப்பிடியில் ஐந்தாறு முழம் நைலான் கயிறு தொங்கும். மூன்று முறை வீடு மாறினோம். மூன்று முறையும் என் கணவர் அதைக் குப்பைக்கு அனுப்பப் பார்த்தார், மகள் விடவில்லை. தெரியாதவர்கள் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் சேந்தக் குழந்தைகள் செய்த சொப்புச் சாமான் என்று நினைப்பார்கள். அது ஒரு தூண்டில். மீனுக்கு அல்ல, கையெழுத்துக்கு.

2009 கோடையில் நாங்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பட்டக்கெட் என்ற ஊரில், ஒரு பழைய மரவீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். முன்னோர்கள் கியூபெக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். அவரும் ஆலையில்தான் உழைத்து ஓய்வு பெற்றார். பள்ளி விடுமுறையில் என் ஆறு வயது மகள் மாடிப்படியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அந்தக் கேனை வெட்டிக் கொடுத்தார். உள்ளே ஒரு பேஸ்பால் பந்தும் ஒரு பேனாவும் போட்டார். "மெக்காய் மைதானத்துக்குப் போங்கள். முதல் வரிசைக்குப் போய்க் கயிற்றை இறக்கு. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்.

அவர் சொன்னது போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மற்ற பேஸ்பால் மைதானங்களில் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டின் கூரை பார்வையாளர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கும். எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். மெக்காயில் அப்படி இல்லை. பார்வையாளர் வரிசைகள் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து தொடங்கும். டக்அவுட் அந்த வரிசைகளுக்கு அடியில், ஒரு குகை மாதிரி, ஆடுகளத்தின் மட்டத்திலேயே இருக்கும். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவனின் தலைகூடத் தெரியாது. அதனால் பிள்ளைகள் வழி கண்டுபிடித்தார்கள். கேன், பாட்டில், வாளி, எது கிடைத்தாலும் வெட்டிக் கயிறு கட்டிப் பந்தை உள்ளே வைத்து இறக்கினார்கள். கீழேயிருந்து ஒரு கை வரும், பந்தை எடுக்கும், கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைக்கும். கயிறு இரண்டு முறை அசைந்தால் மேலே இழுக்கலாம். யாருடைய கை என்று தெரியாது. என் மகள் அன்று பிடித்த முதல் கையெழுத்து யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு பெரிய 'ஜே', அதன் பின் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அந்த அணியின் பெயர் பட்டக்கெட் ரெட் சாக்ஸ். ஊர்க்காரர்கள் வாயில் பாசாக்ஸ். இப்போது அந்த அணி அங்கே இல்லை. பட்டக்கெட்டில் ஓடும் பிளாக்ஸ்டோன் ஆற்றின் ஓரமாக மேலே போனால் வரும், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தில் வூசாக்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது.

கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. பேஸ்பாலில் மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகப் பயிற்சி அணிகள். அவைதான் மைனர் லீக். அதில் மேல்படிக்குப் பெயர் டிரிபிள் ஏ. வீரர்களுக்குச் சம்பளம் தருவது தாய் அணி. யார் ஆடுவது, யாரை மேலே அழைப்பது, யாரைக் கழற்றி விடுவது எல்லாம் தாய் அணியின் முடிவு. மைனர் லீக் அணியின் உரிமையாளருக்கு மிஞ்சுவது டிக்கெட், தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை, மழை வந்தால் தலைவலி. மைதானம்கூடப் பெரும்பாலும் நகராட்சியுடையது. வீரர்கள் சொந்தமில்லை, இடம் சொந்தமில்லை, பெயரில் பாதி தாய் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸுடையது. பிறகு எதை 'எங்கள் அணி' என்று ஓர் ஊர் சொல்லிக்கொள்கிறது? அந்த அணி போன நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பட்டக்கெட்டின் கதையே எங்கிருந்தோ வந்தவற்றின் கதைதான். இங்கிலாந்தில் நூற்பாலைத் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர், இயந்திர வரைபடங்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருந்ததால், எல்லாவற்றையும் மனப்பாடமாக ஏற்றிக்கொண்டு கப்பல் ஏறினார். பிளாக்ஸ்டோன் ஆறு அருவியாக விழும் இடத்தில் 1793-இல் எழுந்த அவரது ஆலைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்புரட்சி பிறந்த இடம் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவரைத் துரோகி என்றார்கள். நூற்று முப்பது, நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து அதே ஆலைகள் கூலி குறைவான தென் மாநிலங்களுக்கு மூட்டை கட்டியபோது, பட்டக்கெட்டும் ஏறத்தாழ அதே சொல்லைத்தான் சொன்னது. நான் பிறந்த ஊர் கோவை. மில் சங்கு கேட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய தலைமுறை என்னுடையது. அந்தச் சங்கு ஒவ்வொன்றாக நின்றுபோனதையும் கேட்டவள். அதனால்தானோ என்னவோ, வந்த முதல் வாரத்திலேயே பட்டக்கெட்டின் செங்கல் புகைபோக்கிகள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மெக்காய் மைதானம் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்துப் பிள்ளை. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு பணம் கொடுத்தது. மேயர் தாமஸ் மெக்காய் அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு சதுப்பு நிலத்தில் கொட்டினார். அடித்தளம் போடப் போட உள்ளே இறங்கியது, செலவு மேலே ஏறியது. ஊர் அதற்கு 'மெக்காயின் மடத்தனம்' என்று பெயர் வைத்தது. 1942-இல் திறந்தார்கள். மேயர் இறந்த பிறகு, 1946-இல், கேலி செய்த அதே ஊர் அவர் பெயரையே அதற்குச் சூட்டியது.

ஆனால் அந்த மைதானத்துக்கு நிலையான குடித்தனக்காரர் நெடுங்காலம் அமையவில்லை. 1940-களில் ஓர் அணி வந்தது, லீக்கோடு சேர்ந்து மறைந்தது. 1966-இல் கிளீவ்லாந்தின் அணி வந்தது, இரண்டே ஆண்டுகளில் கனெக்டிகட்டுக்குப் போனது. 1970-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டபிள் ஏ அணி, அதாவது டிரிபிள் ஏவுக்கு ஒரு படி கீழே உள்ள அணி, மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டிலிருந்து வந்தது. பிட்ஸ்ஃபீல்டில் யாரும் அழவில்லையா? அழுதிருப்பார்கள். 1973-இல் டிரிபிள் ஏ அணியே வந்து சேர்ந்தது, கென்டக்கியின் லூயிவில்லிலிருந்து. அங்கே கண்காட்சித் திடலை நிர்வகித்தவர்கள் மைதானத்தைக் கால்பந்துக்காக மாற்றியமைத்தார்கள். பேஸ்பாலுக்கு இடமில்லாமல் போனது. லூயிவில் அணியாவது அந்த ஊரில் முளைத்ததா? அதுவும் இல்லை. 1967 சீசன் முடிந்ததும் டொரண்டோவிலிருந்து விலைக்கு வாங்கி வந்த அணி அது. டொரண்டோவில் அந்த அணி 70 ஆண்டுகள் வேர்விட்டு நின்றது.

இந்த இடத்தில் ஒரு சுவையான சங்கதி. பேஸ்பாலின் பெரும்புகழ் வீரர் பேப் ரூத் மைனர் லீக்கில் அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. 1914 செப்டம்பரில், டொரண்டோவின் ஏரித்தீவு மைதானத்தில், டொரண்டோ அணிக்கு எதிராக. அப்போது அவர் போட்டிருந்த சட்டை பட்டக்கெட்டுக்கு அடுத்த ஊரான பிராவிடன்ஸ் அணியின் சட்டை. அன்று ரோட் ஐலண்ட் பையனிடம் அடி வாங்கிய அணி, 59 ஆண்டுகள் கழித்து, பெயரும் ஊரும் மாறி ரோட் ஐலண்டுக்கே குடிவந்தது. இதையெல்லாம் தேடிப் படித்த பிறகு, பட்டக்கெட் தன் அணியைப் பறிகொடுத்தது என்று சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது. அது இன்னொரு ஊரின் பறிபோன அணி. அந்த இன்னொரு ஊருக்கும் அது அப்படியே.

வந்த முதல் ஆண்டே, 1973-இல், அணி லீக் கோப்பையை வென்றது. ஆனாலும் கூட்டம் சேரவில்லை. உரிமையாளர்கள் மாறினார்கள், கடன் ஏறியது, 1976-இல் பெயரைக்கூட ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் திவால். அணி ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியது அப்போதே.

போகாமல் இருந்ததற்குக் காரணம் பென் மாண்டர். எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார், சாமி பெயர் சொல்வது போல. கியூபெக்கில் பிறந்து, சிறு வயதில் பக்கத்து ஊரான ஊன்சாக்கெட்டுக்கு வந்து, நொடித்த துணி ஆலைகளை வாங்கி நிமிர்த்திப் பணம் பார்த்தவர். ஐம்பது வயதில் ஓய்வு பெற்று நிம்மதியாக இருந்தவரை, பந்துவீச்சாளராக இருந்து வங்கி அதிகாரியான செட் நிக்கல்ஸ் விடாமல் பேசி இழுத்து வந்தார். 1977 தொடக்கத்தில் மாண்டர் அணியை வாங்கினார். அந்த ஆண்டு முழுவதும் வந்த கூட்டம் சுமார் 70 ஆயிரம் பேர். 2005-இல் அது 6 லட்சத்து 88 ஆயிரம். இத்தனைக்கும் ஊரின் மக்கள்தொகை முக்கால் லட்சம்தான்.

என்ன மந்திரம் போட்டார்? பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் விஷயம். டிக்கெட் விலையைச் சினிமா டிக்கெட்டுக்குக் கீழேயே வைத்தார். காரை நிறுத்தக் காசு வாங்கவில்லை. கழிப்பறையைச் சுத்தமாக வைத்தார். சாய்தளப் பாதை முழுக்க, இந்த மைதானத்தில் ஆடி மேலே போனவர்களின் பெரிய உருவப்படங்களைத் தீட்டச் செய்தார்: ஜிம் ரைஸ், ஃப்ரெட் லின், வேட் பாக்ஸ், ரோஜர் கிளெமென்ஸ். படியேறும் பையன் தன்னைவிட மூன்று மடங்கு உயரமான ஒரு மனிதனைத் தாண்டித்தான் தன் இருக்கைக்குப் போக வேண்டும். பழகிய ஆலை முதலாளியின் புத்தி இது. கூலிக்காரன் வாரக் கடைசியில் குடும்பத்தோடு வந்துபோக எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

இனி அந்த ஆட்டம். பட்டக்கெட்டில் ஒரு மாதம் இருந்தால்கூட இந்தக் கதையை ஐந்து பேராவது சொல்லியிருப்பார்கள்.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். எதிரணி நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர். விளக்குகள் தகராறு செய்ததால் ஆட்டமே தாமதமாகத் தொடங்கியது. கடுங்குளிர். காற்று மட்டையாளரின் முகத்துக்கு எதிரே வீசியது. ஓங்கி அடித்த பந்தெல்லாம் பாதி வழியில் களைத்து விழுந்தது. பேஸ்பாலில் சமநிலை என்ற முடிவு கிடையாது. இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ்; ஒன்பது இன்னிங்ஸில் 1-1 என்று நின்றால் யாராவது முந்தும்வரை ஆட வேண்டும். ஆடினார்கள். 21-ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்து முந்தியது. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில், பட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் ஓர் அடி அடித்துச் சமன் செய்தார். தன் அணிக்காரர்களே அவரை வாழ்த்துவதா வைவதா என்று தெரியாமல் நின்றிருப்பார்கள்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிப் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் ஒரு விதி இருந்தது. ஆனால் நடுவர்கள் கையிலிருந்த அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் அந்த விதி விடுபட்டிருந்தது. புத்தகத்தில் இல்லை, எனவே நிறுத்த மாட்டோம் என்றார்கள் நடுவர்கள். அரசு அலுவலகத்தில் கால் கடுக்க நின்ற எவருக்கும் இந்த மனநிலை புரியும். வீரர்கள் உடைந்த மட்டைகளைத் தகர டிரம்மில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். லூயிஸ் அபோன்டே என்ற பந்துவீச்சாளர் தன் பங்கை முடித்துவிட்டு விடியற்காலை மூன்று மணி வாக்கில் வீடு திரும்பினார். மைதானத்தில் இருந்தேன் என்று சொன்னதை மனைவி நம்பவில்லை. கதவு திறக்கவில்லை என்பது ஊரில் புகழ்பெற்ற கதை. கடைசியில் லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் அதிர்ந்துபோய் நிறுத்தச் சொல்லி, 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற நிலையில் ஆட்டம் நின்றபோது மணி 4:07. தொடங்கும்போது 1,740 பேர் இருந்த அரங்கில் மிச்சம் 19 பேர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் தானும் அவர்களில் ஒருவர் என்பார். பக்கத்துத் தெரு முடிதிருத்துபவரும் அப்படியே சொன்னார். பட்டக்கெட்டில் நான் சந்தித்த பத்தொன்பது பேர்களை எண்ணினால் நாற்பதைத் தாண்டும்.

மிச்ச ஆட்டம் ஜூன் 23 அன்று தொடர்ந்தது. அப்போது மேஜர் லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எழுத ஒன்றுமில்லாமல் இருந்த நாடு முழுவதிலுமுள்ள பத்திரிகையாளர்கள் பட்டக்கெட்டில் வந்து குவிந்தார்கள். 18 நிமிடங்களில் முடிந்தது. 33-ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த பந்தில் மார்ட்டி பாரெட் ஓடி வந்து மூன்றாவது ஓட்டத்தை எடுத்தார். மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதுவரை நடந்ததில் நீளமான ஆட்டம். அன்று இரு அணிகளிலும் மூன்றாவது தளத்தை (பேஸ்) காத்து நின்ற இருவர், பாக்ஸும் கால் ரிப்கனும், பிற்பாடு பேஸ்பாலின் புகழ்மண்டபத்துக்குப் போனார்கள். வெற்றி அடியை அடித்த கோசா மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த வரி இதுதான்.

மாண்டர் 2010 அக்டோபரில் காலமானார். 2015 பிப்ரவரியில் அவர் மனைவி உட்பட்ட உரிமையாளர்கள் அணியை ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு விற்றார்கள். குழுவின் முன்னணியில் இருவர். ஒருவர் பிராவிடன்ஸ் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன். மற்றவர் அப்போது பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவராக இருந்த லாரி லுக்கினோ. பால்டிமோரிலும் சான் டியேகோவிலும் புது மைதானங்கள் எழக் காரணமாக இருந்தவர். மைதானம் கட்டுவதையே கலையாகச் செய்தவர் பழைய சதுப்பு நிலத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பாரா? அணியை பிராவிடன்ஸின் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறோம் என்று உடனே அறிவித்தார்கள். அதற்கு மாநிலம் 30 ஆண்டுகளில் 12 கோடி டாலர் தர வேண்டும் என்று கேட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். மே மாதம் ஸ்கெஃபிங்டன் மாரடைப்பில் இறந்தார். செப்டம்பருக்குள் அந்தத் திட்டமும் இறந்தது.

நாங்கள் அதற்கு முந்தைய ஆண்டே என் வேலை காரணமாக மாசசூசெட்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தோம். இருந்தாலும் செய்தியை விடாமல் படித்தேன். இரண்டாவது திட்டம் நியாயமாகத்தான் இருந்தது. பட்டக்கெட்டிலேயே, ஸ்லேட்டர் ஆலைக்கு அருகே, 8 கோடியே 30 லட்சம் டாலரில் புது மைதானம். அணி 4 கோடியே 50 லட்சம், மாநிலம் 2 கோடியே 30 லட்சம், நகரம் 1 கோடியே 50 லட்சம். மைனர் லீக்கில் உரிமையாளர்கள் பாதிக்கு மேல் போடுவது அபூர்வம். ஆனால் ரோட் ஐலண்ட் ஏற்கெனவே சூடு கண்ட பூனை. 2010-இல் கர்ட் ஷில்லிங்கின் வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்கு 7 கோடியே 50 லட்சம் டாலர் கடனுக்கு மாநிலம் பின்னால் நின்றது; 2012-இல் நிறுவனம் திவாலாகி, கடன் மக்கள் தலையில் விழுந்தது. ஷில்லிங் யார்? 2004-இல் ரத்தம் ஊறிய காலுறையோடு பந்துவீசி ரெட் சாக்ஸுக்கு வெற்றி தேடித் தந்த அதே வீரர். ரெட் சாக்ஸ் என்றாலே சிவப்புக் காலுறை. ஒரு காலுறையை நம்பிக் கெட்ட மாநிலத்திடம் இன்னொரு காலுறைக்குப் பணம் கேட்டால் என்ன நடக்கும்?

மேலவை 2018 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. கீழவைத் தலைவர் நிக்கலஸ் மேட்டியெல்லோ பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஜூன் மாதம் ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தின் உத்தரவாதத்தைக் கழற்றிவிட்ட சட்டம். உத்தரவாதம் இல்லாத கடனுக்கு வட்டி கூடும், அதை யார் கட்டுவது? ஏழு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, அணியின் உரிமையாளர்கள் வூஸ்டர் நகரமன்றத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று எங்கள் வீட்டுக்காரருக்குத் தொலைபேசினேன். அவர் அணியைத் திட்டவில்லை, அரசியல்வாதிகளையும் திட்டவில்லை. "பென் இருந்திருந்தால்" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

எனக்கு யாரைக் குற்றம் சொல்வதென்று இப்போதும் தெரியவில்லை. கூரை ஒழுகும் வீட்டைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்ட குடித்தனக்காரர் மேலும் தவறில்லை. போன குடித்தனக்காரன் ஏமாற்றிவிட்டுப் போன கோபத்தில் இருந்த வீட்டுக்காரர் மேலும் தவறில்லை. மைதானத்துக்குக் கொட்டும் பொதுப்பணம் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்று பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகத் தொண்டை வறளச் சொல்கிறார்கள். வூஸ்டரின் ஹோலி கிராஸ் கல்லூரியிலேயே அப்படிச் சொல்லும் பேராசிரியர் இருக்கிறார். வூஸ்டர் கேட்கவில்லை. கேட்காததற்கு அதற்கும் ஒரு பழைய வலி இருக்கிறது.

எழுத்தில் பார்த்தால் வொர்செஸ்டர் என்று படிக்கத் தோன்றும், வாயில் வூஸ்டர். நியூ இங்கிலாந்தில் பாஸ்டனுக்கு அடுத்த பெரிய நகரம், இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். 1880 முதல் 1882 வரை அங்கே மேஜர் லீக் அணியே இருந்தது. 1880 ஜூன் 12 அன்று லீ ரிச்மண்ட் என்ற இடக்கைப் பந்துவீச்சாளர், கிளீவ்லாந்தின் 27 மட்டையாளர்களையும் ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாமல் வெளியேற்றினார். மேஜர் லீக் வரலாற்றில் அப்படிப்பட்ட முதல் ஆட்டம். ரிச்மண்ட் அப்போது பிராவிடன்ஸில் பிரவுன் பல்கலைக்கழக மாணவர். பட்டம் வாங்கும் வாரத்தில் ரயிலேறி வந்து பந்துவீசிவிட்டுப் போனார். அவ்வளவு பெருமை இருந்தும் ஊர் சிறிது என்று லீக் அணியைக் கழற்றிவிட்டது. காலியான இடத்துக்கு வந்தது பிலடெல்பியா. கடைசிக்கு முந்தைய நாள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 6 பேர். பட்டக்கெட்டில் விடியற்காலை நான்கு மணிக்கு, உறைபனியில், 19 பேர். ஒப்பிடக் கூடாதுதான், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

136 ஆண்டுகள் காத்திருந்த நகரம், அணி வருகிறதென்றால் கணக்குப் பார்க்குமா? ஆயிரக்கணக்கான அஞ்சலட்டைகளை அனுப்பி அழைத்தார்கள். மைதானத்துக்கு உள்ளூர்ச் சோடா கம்பெனியின் பெயரில் போலார் பார்க். மொத்தச் செலவு ஏறி ஏறிச் சுமார் 16 கோடி டாலரில் நின்றது. அதுவரை எந்த மைனர் லீக் மைதானத்துக்கும் இவ்வளவு ஆனதில்லை. சுற்றி எழும் கட்டடங்களின் வரியிலிருந்து கடனை அடைப்போம் என்றார்கள். கட்டடங்கள் சொன்ன வேகத்தில் எழவில்லை.

பட்டக்கெட்டுக்கு 2020 விடைபெறும் ஆண்டாக இருந்திருக்க வேண்டும். விழாக்கள், பழைய வீரர்கள், கண்ணீர் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டிருந்தார்கள். கொரோனா வந்தது. அந்த ஆண்டு மைனர் லீக்கே நடக்கவில்லை. 2019 செப்டம்பர் 2 அன்று நடந்ததுதான் கடைசி ஆட்டம் என்று, அன்று வந்த யாருக்கும் தெரியாது. விடைபெற வழியில்லாத ஊர் ஆடுகளப் புல்லின் மேல் மேசை நாற்காலி போட்டது. குடும்பம் குடும்பமாக வந்து அங்கே சாப்பிட்டார்கள். நம் பக்கம் பதினாறாம் நாள் இலை போடுவது நினைவுக்கு வந்தது எனக்கு.

பிறகு மெக்காய் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. 2022-இல் அந்த இடத்தில் இரண்டு பள்ளிகளை இணைத்து ஓர் உயர்நிலைப் பள்ளி கட்ட மக்கள் வாக்களித்தார்கள்: 33 கோடி டாலர். 33 என்ற எண் அந்த இடத்தை விடவில்லை. 2025-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆற்றங்கரையில் ஒரு புதிய கால்பந்து மைதானம் திறந்தது. அதற்குப் போன பொதுப்பணம், பேஸ்பாலுக்குக் கேட்டு மறுத்த தொகையைவிட அதிகம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

2022 ஜூலையில் மகளோடு போலார் பார்க் போனேன். அவளுக்குப் பத்தொன்பது. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பின்புறம் ரயில் பாதை, சரிவில் புல்தரை, எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரிகிறது. சிரிக்கும் மஞ்சள் முகத்தைக் கண்டுபிடித்த ஊர் என்பதால் அணியின் சின்னமும் சிரித்த முகத்தோடு ஒரு பந்து. வேலை முடிந்து வந்த ஆட்களும் பிள்ளைகளுமாக அரங்கு நிறைந்திருந்தது. அவர்கள் முகத்தில் திருட்டு எதுவும் தெரியவில்லை. ஊருக்கு ஓர் அணி வந்திருக்கிறது, அவ்வளவே. காரை நிறுத்த 20 டாலர் கொடுத்தேன், அது மட்டும் உறுத்தியது.

மகள் என்னிடம் சொல்லாமல் கேனைப் பையில் மடக்கி எடுத்து வந்திருந்தாள். மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்து, முதல் வரிசைவரை இறங்கிப் போய் டக்அவுட் பக்கம் எட்டிப் பார்த்தாள். கூரை அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. எட்டு வயதிருக்கும் ஒரு பையன் குனிந்து பந்தை நீட்ட, ஒரு வீரர் அவன் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இங்கே கயிறே வேண்டாம் அம்மா" என்றாள். பையை மூடிக் காலடியில் வைத்துக்கொண்டாள். நான்காவது இன்னிங்ஸ் தொடங்கியிருந்தது.